ஆட்டுத்தோல் அங்கியும் பல்வலியும்

பயணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஊரைப் பற்றியே எழுதுகின்றனர். புறப்படுவதற்கு முந்திய நாட்களில் தம் உள்ளம் பட்ட பாட்டை எழுதுவோர் அரியர். ஆனால் வீட்டார் நன்கு அறிந்திருப்பது அந்த நாட்களைத்தான். மகனையோ மகளையோ குளிர் நாட்டுக்கு அனுப்பிவைத்த இல்லங்களில், கம்பளிச் சட்டைக்கு அலைந்ததும், ஊறுகாய்ப் பொட்டலம் கட்டியதும், ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லாத அச்சமும் நெடுங்காலம் நினைவில் நிற்கும். அத்தகைய நாட்களைத் தம் கடிதங்களில் விட்டுச் சென்ற எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இம்மாதம் நேயர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

அவர் இரஷ்ய நாட்டின் அந்தோன் செகாவ். 1890-ஆம் ஆண்டில் அவருக்கு வயது முப்பது. மருத்துவப் பட்டம் பெற்றவர், கதைகளால் நாடறிந்தவர், 1888-இல் புஷ்கின் பரிசும் பெற்றவர். மாஸ்கோவில் குடும்பத்தாருடன் வாழ்ந்துவந்த அவர், சகலின் தீவுக்குப் போகப்போவதாகத் திடீரென அறிவித்தார். இரஷ்யாவின் கீழ்க்கோடியில், ஜப்பானுக்கு வடக்கே உள்ள தீவு அது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம். சைபீரியாவின் குறுக்கே அன்று இருப்புப்பாதை இல்லை. அந்த வேலையே 1891-இல்தான் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் குதிரை வண்டியில்தான் கடக்க வேண்டும்.

ஏன் இந்த வீண்வேலை என்று பலரும் கேட்டனர். பத்திரிகை அதிபரும் நண்பருமான சுவோரின், சகலினால் எவருக்கும் பயனில்லை என்று எழுதினார். செகாவ் சொன்ன மறுமொழிகள் பல. மருத்துவத்துக்குத் தாம் பட்ட கடனைச் சற்றேனும் தீர்க்க வேண்டும் என்றார். சோம்பல் மிகுந்துவிட்டது; ஆறு மாத உழைப்பு உடலுக்கும் உள்ளத்துக்கும் தேவை என்றார். வாழ்நாளெல்லாம் நினைத்திருக்க இரண்டு மூன்று நாட்கள் கிடைத்தாலும் போதுமென்றார். இத்தனை காரணம் அடுக்குகிறவர் ஒன்றை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டாரோ என்று நமக்குத் தோன்றுகிறது. முந்திய ஆண்டுக் கோடையில்தான் அவருடைய அண்ணன் நிக்கொலாய் காசநோயால் இறந்திருந்தார்.

எனினும் ஓரிடத்தில் அவர் பேச்சில் விளையாட்டில்லை. பல இலட்சம் மனிதரைச் சிறையில் அழுகவிட்டோம். குளிரில் விலங்கிட்டு நடத்தினோம். இதற்குச் சிறை அதிகாரிகள் மட்டும் பொறுப்பல்லர், நாம் அனைவருமே பொறுப்பு என்று சுவோரினுக்கு எழுதினார். பயணத்தின் உயிர் இவ்விடத்தில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

ஆயத்தம் பல வாரங்கள் நடந்தது. தீவைப் பற்றிய நூல்களையெல்லாம் தேடிப் படித்தார். தங்கை மரியா நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுத்துத் தந்தாள். தமக்குச் ‘சகலின் பித்து’ பிடித்துவிட்டதாக, நோய்க்குப் பெயரிடும் மருத்துவர் பாணியில் இலத்தீனில் எழுதிச் சிரித்துக்கொண்டார். பிறகு கடைவீதி. ஆட்டுத்தோல் அங்கி ஒன்று, மழை புகாத தோல் மேலங்கி ஒன்று, பெரிய பூட்ஸ், சாசேஜ் அரியவும் புலி வேட்டையாடவும் ஒரு பெரிய கத்தி! போருக்குப் புறப்படுவதுபோல் இருக்கிறது, ஆனால் பல்வலியைத் தவிர வேறு ஆபத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஏப்ரலில் எழுதினார். கையில் கடவுச்சீட்டு ஒன்றுதான் உள்ளது. எதையேனும் காட்ட மறுத்தால், ‘காட்டவில்லை’ என்றே புத்தகத்தில் எழுதிவிடுவேன் என்றும் சொன்னார்.

அதே கடிதத்தில், போகிற போக்கில், இன்னொரு செய்தி. நீரில் மூழ்கியோ வேறு விதமாகவோ தாம் இறக்க நேர்ந்தால், உள்ளதும் இனி வரப்போவதும் தங்கைக்கே உரியவை; கடன்களை அவள் அடைப்பாள். சிரித்துக்கொண்டே எழுதிய உயில் என்றே இதைக் கொள்ள வேண்டும். 1884-லேயே அவர் இருமலில் இரத்தம் கண்டிருந்தது. அதன் பொருள் என்னவென்று ஒரு மருத்துவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பல்லைக் கணக்கில் சேர்த்தவர் நுரையீரலைச் சேர்க்கவில்லை. வீட்டார் கேட்கும் கேள்விக்குப் பல்வலி எளிய பதில் அல்லவா?

அன்றைய இரஷ்ய நாட்காட்டியின்படி ஏப்ரல் 21-ஆம் நாள் மாஸ்கோவிலிருந்து இரயில் புறப்பட்டது. பசிபிக் கடற்கரையை அடைந்த பிறகே திறக்க வேண்டும் என்று சொல்லி, நண்பர் ஒருவர் ஒரு புட்டி கொன்யாக் கொடுத்தனுப்பினார்.

மே மாதம் பிறந்தும் சைபீரியாவில் குளிர் விடவில்லை. ஆட்டுத்தோல் அங்கி உடம்பைக் காத்தது, கால்கள் விறைத்தன. தோல் மேலங்கியைக் கால்களில் சுற்றிப் பார்த்தார், பயனில்லை. இரண்டு காற்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டதாக வீட்டுக்கு எழுதினார். வெள்ளமும் சேறும் வேறு. வழிப்பறிக்காரர் எவரும் வரவில்லை. கத்திக்கு வேலை சாசேஜோடு நின்றது.

புறப்பட்ட 81-ஆம் நாள், ஜூலை 11 அன்று, தீவில் இறங்கினார். மூன்று மாதங்கள் அங்கே குடிசை குடிசையாகச் சென்று, கைதியின் பெயர், வயது, பிறந்த ஊர், எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஏறத்தாழ 10,000 அட்டைகளை நிரப்பினார்.