வந்தே தீர வேண்டிய போரா?

முதல் உலகப் போரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றறிந்தோர் பலர் ஒரே பல்லவியைப் பாடுகின்றனர். படைக்கலங்கள் குவிந்திருந்தன, வல்லரசுகள் இரு அணிகளாகப் பிரிந்திருந்தன, ஆகவே அது வந்தே தீர வேண்டிய போராம்! நம்மவருள் சிலரோ, ‘எல்லாம் தக்தீர்’ என்று பெருமூச்செறிந்து அமைகின்றனர். இரண்டு கூற்றும் குற்றவாளியைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுபவையே.

படைக்கலங்களும் அணிகளும் 1912ஆம் ஆண்டிலும் இருந்தன. அன்று பால்கனில் போர் மூண்டபோது, வல்லரசுகளின் தூதர்கள் லண்டனில் கூடிப் பேசினர். தீ பால்கனைத் தாண்டவில்லை. 1914இல் மட்டும் ஏன் தாண்டிற்று?

அவ்வாண்டு ஜூன் 28இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபத்தைந்து நாள்கள் கழித்து, ஜூலை 23இல், ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. செர்பியா கோரிக்கைகளுள் பெரும்பாலானவற்றை ஏற்றது. எஞ்சியதை ஹேக் நடுவர் மன்றத்துக்கு விடவும் இசைந்தது. நான்கு அரசுகள் கூடிப் பேசலாம் என்றது பிரிட்டன், ஜெர்மனி மறுத்தது. ஜூலை 28இல் செர்பியாவின் மறுமொழியைப் படித்த கெய்சர் வில்ஹெல்மே, இனிப் போருக்குக் காரணமில்லை என்று குறித்து வைத்தார். அதே நாளில் ஆஸ்திரியா போர் அறிவித்தது! மறுநாள் இரவு ரஷ்யாவின் ஜார், முழுப்படை திரட்டும் ஆணையை நிறுத்தினார். அடுத்த நாள் தம்மவர் வற்புறுத்தலுக்கு இணங்கி மீண்டும் பிறப்பித்தார். இங்கே விதி எங்கே வந்தது? கையொப்பமிட்ட மனிதர்களையல்லவா காண்கிறோம்!

நம் பக்கத்துப் பிழையையும் மறைக்கலாகாது. 1914 ஆகஸ்ட் 2இல் உதுமானிய அமைச்சர் சிலர் ஜெர்மனியுடன் மறைவாக உடன்படிக்கை செய்தனர். அக்டோபர் 29இல் உதுமானியக் கொடியேந்திய கப்பல்கள் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின. அதன் பின்னரே ‘ஜிஹாது’ முழக்கம் எழுந்தது. விளைவு என்ன? பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய முஸ்லிம்கள் ஈராக்கில் துருக்கிய முஸ்லிம்களை எதிர்த்து நின்றனர். அவ்வாறு அனுப்பப்படுவோமோ என்ற அச்சமும் சேர, 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நாற்பத்தேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ ஒரு கோடிப் போர்வீரர்களை அப்போர் விழுங்கியது.

‘அன்று தவிர்த்திருந்தால் மற்றொரு நாள் வந்திருக்கும்’ என்பர். வரட்டுமே! ஒத்திவைத்த போரில் எவரும் மடிவதில்லை. அந்த அவகாசத்தில் அறிவு திரும்பவும் கூடும்.

போரைத் தவிர்க்க வழி இருந்தது. அதற்குரிய விலையைத் தரத்தான் எவருக்கும் மனமில்லை. அந்த விலை தன்மானம் எனப்படும் வீம்பு. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விலையைத் தந்தார்கள். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொல்லையே ஏட்டிலிருந்து நீக்க இசைந்தார்கள். கஅபாவைக் காணாமலே திரும்பினார்கள். உமர் (ரலி) போன்றோரின் உள்ளமும் கொதித்தது. ஆயினும் பத்தாண்டு அமைதிக்கு ஏடு எழுதப்பட்டது.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்கக் கற்ற சமுதாயம் நாம். கட்டாமல் விட்டவனின் குற்றத்தைத் தக்தீரின் தலையில் சுமத்தலாமா?