கத்தியின் பெயரும் கட்டியின் இயல்பும்

விஞ்ஞானத்தின் பேறுகளை மனிதகுலத்தின் பொதுச் சொத்தாகக் கொள்வோர் நாம். ஆகவே, மூளையில் தோன்றும் கட்டியை மண்டையோட்டைத் திறவாமலே கதிர்களால் அழிக்கும் முறையொன்று இன்று உண்டு என்பது குறித்து மகிழ்ச்சியடைய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் வழக்கு அம்முறையோடு அன்று. அது விலைப்பட்டியலாக மாறி, அச்சத்தில் உறைந்து நிற்கும் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேரும் விதத்தோடேயாம்.

நம்மூரிற் கதிர்ச் சிகிச்சையைக் ‘கறண்ட் பிடித்தல்’ என்பர். உடலில் மின்சாரம் பாய்ச்சப்படுகிறது என்றே பலர் நம்புகின்றனர். இதனைக் கேட்டு நகைப்போர் உளர். ஆனால், நோயாளிக்கு அவர்தம் மொழியில் விளக்கிக் கூற எவரும் முன்வராத இடத்தில், மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லைக் கொண்டு ஒரு விளக்கத்தை ஆக்கிக்கொண்டனர். நகைப்புக்கு உரியவர் அவரல்லர். இதே வெற்றிடத்திலேதான் வண்ணத் துண்டுப்பிரசுரங்களும் நுழைகின்றன. ‘காமா நைஃப்’, ‘சைபர் நைஃப்’, ‘புரோத்தன்’ என்று மூன்று பெயர்கள்; மூன்றுக்கும் மூன்று விலை. எது உயர்ந்ததோ அதை வாங்காதவன் உறவினரைக் கைவிட்டவன் என்ற மறைமுகக் குற்றச்சாட்டும் உடன்வருகிறது.

இப்பெயர்களின் உள்ளே இருப்பது யாது? சுவீடன் நாட்டு மூளைச் சத்திர சிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த எண்ணம் எளிமையானது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்க்கற்றைகளை ஒரு புள்ளியை நோக்கிச் செலுத்துவது. ஒவ்வொரு கற்றையும் தனித்தனியே வலுக்குறைந்ததாகையால், தான் கடந்து செல்லும் மூளைக்குப் பெருந்தீங்கு செய்யாது. அனைத்தும் கூடும் இடத்திலோ கட்டி அழியும் அளவுக்கு வலுப் பிறக்கும். 1968இல் ஸ்டொக்ஹோமில் இயங்கத் தொடங்கிய முதற் காமாக் கருவியில் 179 கோபால்ட்-60 மூலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கத்தி என்று அதற்குப் பெயர். வெட்டும் அலகு எதுவும் அதில் இல்லை.

நேர்கோட்டு ஆர்முடுக்கி கோபால்ட்டை வேண்டாது, இலத்திரன்களை விரைவுபடுத்தி உலோகத்தில் மோதச் செய்து எக்ஸ் கதிர்களைப் பெறுகிறது. அத்தகைய சிறு ஆர்முடுக்கி ஒன்றை இயந்திரக் கரமொன்றிற் பொருத்தியதே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜோன் அட்லர் உருவாக்கிய சைபர் கத்தி. புரோத்தன் கற்றையின் சிறப்பு வேறு: குறித்த ஆழத்தில் தன் வலுவை இறக்கிவிட்டு அது நின்றுவிடும். வளரும் குழந்தையின் மூளைக்கும், மண்டையோட்டின் அடித்தளத்தில் எழும் சில அரிய கட்டிகளுக்கும் அது பெரும் பயன் தரவல்லது. சென்னையில் 2019இல் திறக்கப்பட்ட புரோத்தன் நிலையத்தை நம்மவர் பலர் அறிவர். ஆயினும், முதியவர் ஒருவரின் மூளையிற் பரவிய சிறு கட்டிக்கு அதுவே வேண்டும் என நிறுவப்படவில்லை. காமாக் கருவிக்கும் ஆர்முடுக்கிக்கும் இடையிலும், தேர்ச்சி பெற்ற குழுவின் கையில், ஒன்று மற்றதைவிட ஆயுளை நீட்டிக்கும் என்று நிறுவப்படவில்லை.

எனவே முதற்கேள்வி ‘எக் கருவி?’ என்பதன்று. இக்கட்டி எவ்வகையது? எத்தனை உள? எவ்வளவு பெரியது? பார்வை நரம்புக்கும் மூளைத்தண்டுக்கும் எவ்வளவு அண்மையில் உள்ளது? உடலின் ஏனைய பகுதியில் நோய் எந்நிலையில் உள்ளது? இவையே கேள்விகள். ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத, எல்லை தெளிந்த கட்டிக்கே ஒரே அமர்வில் தரும் குவிகதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் ஏற்றது. அதனினும் பெரியதெனில் அளவைப் பல அமர்வுகளுக்குப் பங்கிடுவர். அல்லது சத்திர சிகிச்சையை நாடுவர். மூளையுறைக் கட்டிக்கும் செவிநரம்புக் கட்டிக்கும் இம்முறை நன்கு பயன்படும். கிளையோபிளாஸ்டோமா எனப்படும் கொடிய கட்டியோ எல்லையின்றி ஊடுருவுவது. வழமையான சிகிச்சைக்கு முன் குவிகதிரையும் சேர்த்துத் தருவதால் ஆயுள் நீளவில்லை என 2004இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அந்நோய்க்கு 2005 முதல் நிலைபெற்ற முறை, ஆறு வாரங்களில் 30 அமர்வுகளாக 60 கிரே கதிரும், உடன் டெமோசோலோமைட் என்ற மருந்துமே. ஆர்முடுக்கியும் பயிற்சி பெற்ற குழுவும் உள்ள அரச வைத்தியசாலையிற் செய்யத்தக்கது இது. இதனை மறைத்துக் ‘கத்தி’யை விற்பவர் வைத்தியம் செய்யவில்லை, வியாபாரம் செய்கின்றனர்.

எம் அம்மானுக்கு நுரையீரற் புற்றுநோய் மூளையில் ஈரிடங்களிற் பரவியபோது இவ்வியாபாரத்தை நேரிற் கண்டோம். ஒரு முகவர் வீடு தேடி வந்தார். ஒரே நாட் சிகிச்சை, விமானச் சீட்டு, தங்குமிடம் அனைத்தும் ஒரே தொகையில். காணியை ஈடுவைப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. காமாவா சைபரா என்பதில் உறவினர் இரு கட்சியாயினர். அரச வைத்தியசாலை நிபுணர் ஒருவர் கால்மணி நேரம் ஒதுக்கிப் படத்தைக் காட்டித் தமிழில் விளக்கிய பின்னரே வாதம் ஓய்ந்தது. கட்டிகள் இரண்டும் சிறியன. பார்வை நரம்பிலிருந்து விலகியன. ஆர்முடுக்கியே போதும் என்றார் அவர். முகவரின் தாளில் இல்லாத ஒன்றையும் அவர் சொன்னார்: குவிகதிர் ஒருநாளில் முடியலாம், ஆனால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தே ஆகவேண்டும். புதிய கட்டி தோன்றக்கூடும். கதிர்பட்ட இடத்தில் வீக்கமும் நேரலாம். அவ்வாறாயின், கடல் கடந்து பெறும் ‘ஒரே நாட் சிகிச்சை’க்குப் பின் எத்தனை பயணங்கள்? அவற்றின் செலவு எந்தத் தொகையில் அடங்கியது?

அம்மானுக்கு முழு மூளைக்கும் கதிர் தரப்படவில்லை. இதற்கும் காரணம் உண்டு. ஒன்று முதல் மூன்று பரவற் கட்டிகள் உடையோரைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்றில், குவிகதிரோடு முழு மூளைக் கதிரும் பெற்றவரில் 91.7 வீதத்தினருக்கு மூன்று மாதத்தில் அறிவாற்றல் குன்றியது. குவிகதிர் மட்டும் பெற்றவரில் 63.5 வீதத்தினருக்கே குன்றியது. முழு மூளைக் கதிர் புதிய கட்டிகளைக் குறைத்ததாயினும் ஆயுளை நீட்டவில்லை. ஐந்து முதல் பத்து வரை கட்டிகள் உடையோரும் இரண்டு முதல் நான்கு உடையோருக்குக் குறையாது குவிகதிரால் வாழ்ந்தனர் என 1,194 பேரை ஆராய்ந்த யப்பானிய வைத்தியர் 2014இல் அறிவித்தனர். பின்னர் அம்மானின் உயிரைக் கொண்டது நுரையீரல் நோயே. இடைப்பட்ட மாதங்களில் அவர் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லியே அழைத்தார். விஞ்ஞானம் தந்த இப்பேறு, கால்மணி நேர விளக்கம் கிடைத்தோருக்கு மட்டுமே உரியதாக இருக்கலாமா?

வைத்தியம் வைத்தியருக்கே உரியது, பாமரர்க்கு இவ்விவரம் எதற்கு என்று சிலர் வினவுவர். நோயாளியை வைத்தியராக்கும்படி நாம் கேட்கவில்லை. தன் தலையில் நிகழவிருப்பதைத் தன் மொழியில் அறிந்து சம்மதிக்கும் உரிமையையே கேட்கிறோம். தமிழில் இவை இயலா என்போருக்கு மானிப்பாய் மறுமொழி கூறும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் இரண வைத்திய நூலையும் தமிழில் ஆக்குவித்தார். அன்று இயன்றது இன்று இயலாது எனின், குறை மொழியினது அன்று, மனத்தினது.

அரசிடம் பணமில்லை என்பது அடுத்த வாதம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோரும், வழிநெடுக அவர்களுக்கு நிதி வழங்கிய சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்களும், தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழக் காரணமாயினர். மக்களின் மனம் எப்பக்கம் நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆனால் மக்களின் கொடை அரசின் கடமைக்கு ஈடாகாது. கருவி வாங்கித் திறப்பு விழா நடத்துவதோடு அக்கடமை தீர்வதுமில்லை. கதிரளவைக் கணக்கிடும் பௌதிகவியலாளர், கருவியை இயக்குவோர், பழுது நீக்குவோர், எம்.ஆர்.ஐ. படத்தை உரிய காலத்தில் எடுத்துப் பார்ப்போர் ஆகிய இவர்கள் இன்றேல் எந்தக் கருவியும் வெறும் இரும்பே. இவர்களைப் பயிற்றவும் நாட்டில் நிறுத்திவைக்கவும் வேண்டும் என்பதே நம் கோரிக்கையாதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் உடனடியான பணியொன்று உண்டு. மேலே கூறிய ஐந்து கேள்விகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, கிராம வாசிகசாலைகளிலும் வைத்தியசாலைக் காத்திருப்புக் கூடங்களிலும் வைப்போம். முகவர் வருமுன் அத்தாள் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.