வாசலை அடைத்து நிற்பவர் யார்?



நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் மூன்று மாதங்களாக ஆராதனைக்கு வரவில்லை. விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாரோ என்று எண்ணி, ஜெபிக்கும்படி அவர் இல்லத்திற்குச் சென்றேன். "ஜெபத்தை விடவில்லை, பாஸ்டர் ஐயா. அந்த ஐந்து படிகளை ஏற முழங்கால் இடங்கொடுக்கவில்லை" என்றார். வெட்கத்தோடு திரும்பினேன்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தைத் தியானியுங்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வருக்கும் வழியை அடைத்தவர்கள் யார்? வசனம் கேட்க வந்து வாசலில் நெருங்கி நின்ற ஜனங்களே. ஆகையால் கூரையைப் பிரிக்க நேர்ந்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், மக்கள் கூடும் வழிபாட்டு இடங்களையும் பொதுக் கட்டடங்களாகவே கருதுகிறது. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரை அடிப் படிகள் ஐந்துக்கு 30 அடி வேண்டும். இடம் போதாவிடில் நடுவே சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். இருபுறமும் கைப்பிடி அவசியம்.

வாரத்தில் ஆறு நாளும் பூட்டிக் கிடக்கும் கேட்டும் ஒரு தடையே. மாலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள். குடிக்கத் தண்ணீரும், அமர ஓர் இருக்கையும், அயலார் வாசிக்கும் மொழியில் ஒரு பெயர்ப்பலகையும் இருக்கட்டும். நாமும் இந்நகருக்கு அந்நியராய் வந்தவர்கள் அல்லவா?

அடுத்த கட்டட நிதியில், புதிய ஒலிபெருக்கிக்கு முன்பாகச் சாய்தளத்தை எழுதுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.