அந்த வீட்டில் வாழ்ந்தவர்



பழைய மாளிகைகளில் இரவு முழுக்கத் தங்கிப் பேய் தேடுகிறவர்களைப் பற்றி இந்த இதழில் ஒரு நீண்ட கட்டுரை வருகிறது. அதைப் படிக்கப் படிக்க, என் மனம் ஒரே வீட்டில் நின்றுவிட்டது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருக்கும் வின்செஸ்டர் மாளிகை அது.

மொத்தம் 160 அறைகள். கூரையில் போய் முட்டும் ஒரு படிக்கட்டு. திறந்து கால் வைத்தால் கீழே விழவேண்டிய மாடிக் கதவு. வின்செஸ்டர் துப்பாக்கிக் குடும்பத்தின் மருமகள் சாரா, அந்தத் துப்பாக்கிகளுக்குப் பலியானவர்களின் ஆவிகளுக்குப் பயந்து இரவு பகலாகக் கட்டிக்கொண்டே இருந்தார் என்பது கதை. மந்திரவித்தைக் கலைஞர் ஹூடினி 1924-இல் வந்து பார்த்துப்போனார். இருட்டில் டார்ச் லைட்டோடு சுற்றிக்காட்டும் வழக்கமும் அங்கே உண்டு.

அப்படிப் போய் நடுங்கியவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பகலில் சூடேறிய மரவீடு இரவில் குளிரும்போது முனகத்தான் செய்யும். இங்கிலாந்துப் பொறியாளர் விக் டேண்டி, தன் ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் தெரிந்த சாம்பல்நிற உருவத்தைத் துருவிக்கொண்டே போய், காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வில் வந்து நின்றார். அதைக் கிளப்பியது ஒரு மின்விசிறி! 1998-இல் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

எனக்கு ஆறாதது வேறு. சாராவின் ஒரே குழந்தை 1866-இல் பிறந்து, சில வாரங்களிலேயே இறந்துபோனது. 1881-இல் கணவரையும் காசநோய் கொண்டுபோனது. கலிபோர்னியாவுக்கு வந்து ஒரு பண்ணை வீட்டை வாங்கி, தன் விருப்பப்படி விரித்துக் கட்டினார். அவருடைய கடிதங்களைத் தேடிப் படித்து 2010-இல் வாழ்க்கை வரலாறு எழுதிய மேரி ஜோ இக்னோஃபோ, வேலை ஓயாமல் நடக்கவில்லை, ஆட்களை நிறுத்திவைத்த காலமும் உண்டு என்கிறார். வெட்டவெளிக் கதவுக்கும் காரணம் இருக்கிறது. 1906 பூகம்பத்தில் மேல்மாடிகள் சிதைந்தன. இடிந்ததை எடுத்துக் கட்டாமல் சாரா அப்படியே விட்டுவிட்டார்.

அங்கே இன்னொரு படிக்கட்டு இருக்கிறது. வளைந்து வளைந்து 44 படிகள். அத்தனையும் ஏறினால் மொத்த உயரம் சுமார் ஒன்பதடி! ஒவ்வொரு படியும் இரண்டரை அங்குல உயரம் இருந்தால் அதிகம். ஆவிகளை ஏமாற்றக் கட்டியது என்பார்கள். சாராவுக்குக் கடுமையான முடக்குவாதம், ஐயா. காலைத் தூக்கி வைக்க முடியாத ஒரு பெண், யார் கையையும் பிடிக்காமல் தன் வீட்டு மாடிக்குப் போக வழிசெய்துகொண்டார். தன் கணவரின் பெயரில் காசநோய் மருத்துவமனை அமையப் பெரும்பணம் கொடுத்தவரும் இவர்தான். 1922-இல் காலமானார், அடுத்த ஆண்டே வீட்டுக்குள் போக டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

உங்கள் ஊரிலும் ‘பேய் பங்களா’ என்று பெயரெடுத்த ஒரு வீடு இருக்கும். அங்கே வாழ்ந்தவர் யார், என்ன வேலை பார்த்தார், கடைசிக் காலத்தில் அவரை யார் கவனித்துக்கொண்டார்கள் என்று தெருப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள். பழைய புகைப்படம் கிடைத்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்