தேவாங்கைக் காப்போம்

மெலிந்தவரைக் கண்டால் ‘தேவாங்கு போல’ என்று நாம் நகைப்பதுண்டு. அத்தேவாங்கை நேரில் கண்டவர் நம்முள் எத்தனை பேர்?

ஏறத்தாழ ஒரு சாண் உடல், குச்சி போன்ற கைகால்கள், உருண்டு திரண்ட பெருவிழிகள். வாலோ வெளியே தெரிவதில்லை. பகலெல்லாம் கிளைகளிடையே சுருண்டு உறங்கி, இரவில் ஓசையின்றி நகர்ந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதற்கு இரையாவதால் அது உழவரின் தோழன்.

ஆயினும், அதன் கண் மருந்தாகும், மாந்திரீகத்திற்கு உதவும் என்னும் மூடநம்பிக்கையால் மாந்தர் அதனை வதைத்தனர்.

மதுரைக்கு வடக்கே, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டினைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. தேவாங்கிற்கென இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே.

காட்டிற்குக் காவல் கிடைத்துவிட்டது. மூடநம்பிக்கையை அகற்றும் பணியை நம் இல்லங்களில் நாமே தொடங்குவோம்.