நோயை அளந்தார்கள், மாணவனை அளக்க முடிந்ததா?

2020-ம் ஆண்டு கோடைகாலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கொரோனாவுக்குப் பயந்து மார்ச் மாதமே மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் மறுபடியும் திறப்பதா, வேண்டாமா? திறந்தால் ஆபத்து விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. வயதான பேராசிரியர், விடுதிச் சமையல்காரர், ஊர்க்காரர்கள் எல்லோருக்கும்தான். கணக்கு தப்பினால் உயிர் போகும்.

எனவே டாக்டர்களோடு கணித நிபுணர்களும் ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

அது என்ன கணக்கு?

மக்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள்: இன்னும் நோய் வராதவர்கள், நோயைப் பரப்புகிறவர்கள், நோய் தீர்ந்தவர்கள். ஒரு கூட்டத்தில் இருந்து அடுத்த கூட்டத்துக்கு எத்தனை பேர், எவ்வளவு வேகமாகப் போவார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஒருவர் இருவருக்குக் கொடுத்தால் பத்தாவது சுற்றில் புதிதாக 1,024 பேருக்கு நோய்! ஒருவர் சராசரியாக ஒருவருக்குக்கூட கொடுக்காதபடி செய்துவிட்டால் நோய் தானே அடங்கிவிடும்.

இந்த முறையை 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் வகுத்தார்கள். அதைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது எந்த ஊர்ப் புள்ளிவிவரம் தெரியுமா? 1905-06ல் பம்பாயில் பிளேக்குக்குப் பலியானவர்களின் கணக்கு!

தலைகீழான விடை

நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற ஊரில் இருக்கிறது கார்னெல் பல்கலைக்கழகம். அங்கு பீட்டர் பிரேசியர் என்ற பேராசிரியரின் குழு கணக்குப் போட்டது. திறந்தால் சுமார் 1,250 பேருக்கு நோய் வரும். மூடிவைத்தால் 7,000 பேருக்கு மேல் வரும் என்று விடை வந்தது!

இது என்ன விந்தை என்று பலர் கேட்டார்கள். காரணம் எளிதுதான். பாடத்தை கம்ப்யூட்டரில் நடத்தினாலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இத்தாக்காவில் அறை எடுத்துத் தங்கத்தான் போகிறார்கள். அப்போது அவர்களைப் பரிசோதனைக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. திறந்து வைத்தால் முடியும். கார்னெல் திறந்தது. அந்தப் பருவத்தில் நோய் கண்டவர்கள் 1,250-க்கும் வெகு குறைவு.

விருந்துக்கு வந்த நோயாளி

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 40,000 மாணவர்களுக்கு மேல். நைஜல் கோல்டன்பெல்டு, செர்ஜி மாஸ்லோவ் என்ற இரண்டு பவுதிகப் பேராசிரியர்கள் அங்கு கணக்குப் போட்டார்கள். வாரம் இருமுறை எல்லோருக்கும் எச்சில் பரிசோதனை. செல்போனில் "நோய் இல்லை" என்று காட்டினால்தான் கட்டிடத்துக்குள் அனுமதி. இளவட்டங்கள் சும்மா இருக்கமாட்டார்கள், விருந்து, கேளிக்கை என்று கூடுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

ஆகஸ்டு 24-ந்தேதி வகுப்புகள் தொடங்கின. சில நாட்களிலேயே நோயாளிகள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. கணக்கு எங்கே பிசகியது? "உனக்கு நோய் இருக்கிறது, அறையை விட்டு வெளியே வராதே" என்று சொல்லப்பட்ட மாணவர்கள் சிலர், தெரிந்தே விருந்துக்குப் போயிருக்கிறார்கள்! இதை எந்தப் பேராசிரியர் எதிர்பார்ப்பார்?

செப்டம்பர் 2-ந்தேதி உத்தரவு பிறந்தது: இரண்டு வாரத்துக்கு அவசியக் காரியம் தவிர மாணவர்கள் வெளியே வரக்கூடாது. விதியை மீறியவர்கள் மீது நடவடிக்கையும் பாய்ந்தது. நோய் இறங்கியது.

"பார்த்தீர்களா, கணக்கு பொய்த்துவிட்டது" என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்படி நடந்தால் இப்படி ஆகும் என்று சொல்வதுதான் அந்தக் கணக்கின் வேலை. அது ஜோசியம் அல்ல. மேலும், ஏற்றத்தை ஒரே வாரத்தில் காட்டிக்கொடுத்தது எது? கணக்குப்படி வாரம் இருமுறை நடந்த அதே பரிசோதனைதான்!

அதே ஆகஸ்டில் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், திரும்பி வரும் மாணவர்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்காமல் 10-ந்தேதி வகுப்புகளைத் தொடங்கியது. 17-ந்தேதியே, இளநிலை மாணவர்களுக்கு இனி நேரடி வகுப்பு இல்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இல்லினாயிலோ, நவம்பர் விடுமுறை வரை மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள்.