டிஸ்க் பிரேக் மோகம் தேவைதானா?

நஞ்சன்கூட்டில் சைக்கிள் வாங்கப் போகும் இளைஞர்கள் இப்போது முதலில் கேட்பது, "டிஸ்க் பிரேக் இருக்கிறதா?" என்பதுதான். தாண்டவபுரம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்களையும் அந்த ஆசை விடவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு வந்தது மிதிவண்டிக்கும் வந்திருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்து வாங்குகிறவர், சக்கர நடுவில் மின்னும் அந்தத் தட்டு ஆபத்து நேரத்தில் கைகொடுக்குமா என்று பார்க்க வேண்டாமா?

பழைய வண்டியின் குறையை மறைப்பதற்கில்லை. அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். குரோம் பூசிய இரும்பு ரிம்மின் உட்புறத்தை ரப்பர் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும். வெயில் காலத்தில் குறையில்லை. கபினியில் வெள்ளம் வரும் மழை நாட்களில்தான் சங்கடம். நனைந்த குரோமில் ரப்பர் வழுக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி தன் போக்கில் ஓடும். கேரியரில் அரிசி மூட்டையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதைப் பட்டவர்கள்தான் டிஸ்க் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் இதில் குற்றவாளி அந்த இரும்பு ரிம். அலுமினிய ரிம்மாக இருந்தால் அதே ரப்பர் மழையிலும் எவ்வளவோ மேலாகப் பிடிக்கும். இந்த உண்மையைக் கடைக்காரர்கள் எடுத்துச் சொல்வதில்லை. தட்டைக் காட்டி விற்பது அவர்களுக்குச் சுலபம்.

நல்ல டிஸ்க் பிரேக் உயர்ந்த பொருள்தான். சேறு பட்டாலும், சக்கரம் கோட்டமானாலும் பிடிப்பு குறையாது. குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக உதகைக்கு சைக்கிளில் போகிறவர்கள் உண்டு. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். அவர்களுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் அவசியமே.

மலிவு வண்டியில் மாட்டியிருப்பது அந்த ரகமல்ல. ஒயர் இழுத்தால் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கட்டை மட்டும் நகர்ந்து, தட்டை வளைத்து மறுபக்கக் கட்டையோடு சேர்த்து நெருக்கும். கட்டை தேயத் தேயத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். நெருக்கடியான சைக்கிள் ஸ்டாண்டில் யாராவது முரட்டுத்தனமாக வண்டியை இழுத்தால் தட்டு கோணிப்போகும். ஓவராயிலிங் செய்யும்போது எண்ணெய் தெறித்துக் கட்டையில் ஊறினால் அந்தக் கட்டையையே மாற்ற நேரிடும். அதுவும் கம்பெனிக்கு ஒரு வடிவம். தேடி அலைய வேண்டும். ரப்பர் கட்டையோ எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும்.

சர்வதேச சைக்கிள் சங்கம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்ததே 2018-ல்தான். 2020-ல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் முடிவையே மாற்றிய மலையேற்றத்தில் பொகாச்சர் ஓட்டியது ரிம் பிரேக் வண்டி. இன்று பெரிய பந்தயக்காரர்கள் டிஸ்க்குக்கு மாறிவிட்டார்கள், உண்மை. அவர்களுக்குப் பின்னால் காரில் மெக்கானிக் வருகிறார். மைசூர் சாலையில் தொழிலாளிக்குப் பின்னால் வருவது லாரி!

புது வண்டி வாங்குகிறவர்கள் அலுமினிய ரிம்மும், இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் 'வி பிரேக்'கும் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். பளபளப்பைக் கண்டு ஏமாறாதிருக்க, சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டு போதும். ரிம்மில் ஒட்டினால் அது இரும்பு.

பழைய வண்டியே கதி என்றிருப்பவர்கள் மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பிருந்தே பிரேக்கை லேசாக அழுத்தி ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி அந்த முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்பே அதை மாட்டிக்கொள்வது நல்லது.